ஐ7 பெரிதா, ஐ3 பெரிதா? இரு கம்ப்யூட்டர்களின் ஓட்டப் பந்தயம்

போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) பத்துபஸ்தியில் குடியிருக்கும் நம்மவர்களில், ஊருக்குப் போய்த் திரும்பும்போது சென்னை ரிச்சி தெருவில் ஏறி இறங்கி, உதிரி பாகங்களைச் சேர்த்துக் கட்டிய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டு வருவோரும் உண்டு. பிள்ளைகளின் படிப்புக்கென்று பல மாதம் சேர்த்த பணம் அது. மூன்று நாள் கப்பலில் வந்த பெட்டி சரியில்லை என்றால், திரும்பப் போய்க் கடைக்காரரிடம் சண்டை போடவா முடியும்?

கடையில் இரண்டு பெட்டிகளைக் காட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 'ஐ7-2600' பிராசசர், 16 ஜி.பி. ராம், ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க். பழைய சரக்கைத் துடைத்துக் கட்டியது, விலை மலிவு. இரண்டாவது 'ஐ3-12100', 8 ஜி.பி. ராம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. புதுச் சரக்கு, விலை கூட. ஏழு மூன்றைவிடப் பெரிது, பதினாறு எட்டைவிடப் பெரிது, விலையும் குறைவு. யாருடைய கையும் முதல் பெட்டிக்குத்தான் போகும்.

எண் ஏமாற்றும்

முன்னது 2011ல் வெளிவந்தது, பின்னது 2022ல். இரண்டிலும் நான்கு கோர்கள்தான். அடிப்படை வேகமும் 3.4, 3.3 கிகாஹெர்ட்ஸ் என்று பழையதற்கே சற்றுக் கூடுதலாகப் போட்டிருக்கும். ஆனால் இரண்டு படகோட்டிகள் நிமிடத்துக்கு ஒரே எண்ணிக்கையில் துடுப்புப் போட்டாலும், அகலத் துடுப்புக்காரன் முந்திவிடுவான் அல்லவா? அப்படித்தான் புதிய பிராசசர் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக வேலை செய்கிறது. பொதுவான சோதனைகளில் இந்த ஐ3, அந்த ஐ7ஐ இரு மடங்குக்கு மேல் முந்துகிறது.

வீட்டில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் டிஸ்க்கில் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் சுழலும் தட்டின் மேல் ஓர் ஊசி நகர்ந்து நகர்ந்து தேட வேண்டும். விநாடிக்கு நூறு, நூற்றைம்பது முறைக்கு மேல் அதனால் இடம் மாற இயலாது. எஸ்.எஸ்.டி.யில் நகரும் பாகமே கிடையாது. ஆயிரக்கணக்கில் தேடிக் கொடுத்துவிடும். சுவிட்சைப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வரும் வழக்கம் அத்தோடு போயிற்று!

ஆகவே கடையிலேயே இரண்டையும் அணைத்துப் போடச் சொல்லிக் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரே பெரிய எக்ஸெல் கோப்பை இரண்டிலும் திறக்கச் சொல்லுங்கள். யூடியூப் ஓட்டிக் காட்டினால் மயங்க வேண்டாம். அது இன்டர்நெட் லைனின் வேகம். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் திறக்கப்பட்ட பிறகு அந்தமானில் எல்லாப் பெட்டிக்குமே அந்த வேகம் கூடியது.

'12100' என்ற எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் உஷார். அதில் திரைக்குப் படம் அனுப்பும் பகுதி கிடையாது. தனியாக ஒரு கார்டு வாங்க நேரும், மலிவு என்று நினைத்தது போய்விடும்.

டீசலும் உப்புக் காற்றும்

தீவில் மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. பழைய ஐ7க்கு இன்டெல் குறித்திருப்பது 95 வாட். புதிய ஐ3க்கு 60 வாட். மின்சாரம் நின்றால் யு.பி.எஸ். சற்றுக் கூடுதல் நேரம் தாங்கும். அதோடு, விண்டோஸ் 11ஐ அந்தப் பழைய பிராசசரில் மைக்ரோசாஃப்ட் அனுமதிப்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. வீட்டிலிருந்து பாங்குக் கணக்குப் பார்ப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

என் கணக்கில் இரண்டாவது பெட்டிதான் தேறுகிறது. கையில் அவ்வளவு பணம் இல்லாதவர்களும், பழைய பெட்டியை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்களும் ஒரு சிறிய 'சாட்டா' எஸ்.எஸ்.டி. வாங்கிப் பொருத்தி, அதில் விண்டோஸை ஏற்றிக் கொள்ளலாம்; செலவு சொற்பம், பலன் அதிகம். மழைக் காலத்தில் பெட்டி திடீரென்று திரை காட்டாமல் நின்றால், பதறிப் போய் மெக்கானிக்கைத் தேடுமுன், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, அதன் பொன்னிற முனையைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் துடைத்து மாட்டிப் பாருங்கள். உப்புக் காற்றின் வேலை பல நேரம் அங்கேதான்.