புண்ணு ஆறிப்போச்சு, எதுக்கு ஊசி?



நோய் நம் உடம்பில் எப்படி வளருகிறது என்பது பற்றி இந்த முறை எழுதுகிறேன். பாடத்தில் படித்தபோது அது எனக்கு ஒரு ஐந்து மார்க் கேள்வி, அவ்வளவுதான். என் தம்பியை நாய் கடித்த பிறகுதான் உண்மையாகவே புரிந்தது.

என் தம்பி நான்காம் வகுப்பு படிக்கிறான். கண்மாய்க்கரையில் ஒரு நாய்க்குட்டியோடு விளையாடும்போது அது கெண்டைக்காலில் கடித்துவிட்டது. வீட்டில் அவன் மூச்சு விடவில்லை. மறுநாள் குளிக்கும்போது நான்தான் பார்த்தேன். இரண்டு பல் பதிந்து ரத்தம் காய்ந்திருந்தது. கேட்டதும் அழுதுவிட்டான். "அப்பா அடிப்பாருக்கா. தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி போடுவாங்களாம்" என்றான்.

அப்பத்தா சுண்ணாம்பும் மஞ்சளும் எடுத்து வந்து, "இதைப் போட்டு, மந்திரிச்சுக் கயிறு கட்டுனா சரியாப் போயிரும்" என்றது. எனக்கு அறிவியல் டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. அவனை அடிபம்புக்கு இழுத்துப் போய் சோப்புப் போட்டுக் கழுவினேன். அம்மா வேலைக்குப் போகாமல் அவனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள். ஊசி போட்டு, அடுத்த ஊசிகளுக்கு நாள் குறித்து ஒரு சீட்டு கொடுத்தார்கள். மூன்று ஊசி ஒழுங்காகப் போட்டாயிற்று. கடைசி ஊசி 28-ஆம் நாள். அதற்குள் புண் ஆறி தழும்பு மட்டும்தான் இருந்தது. "புண்ணுதான் ஆறிப்போச்சுல்ல, எதுக்கு ஊசி?" என்று அடம் பிடித்தான். அம்மாவுக்கும் ஒரு நாள் கூலி போகுமே என்று யோசனை. அவனுக்கு நான் சொன்ன பதிலைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

கிருமி நுழைவது வேறு, நோய் வருவது வேறு

கிருமி உடம்புக்குள் போவதற்குத் தொற்று என்று பெயர். அது பெருகி, உடம்பின் வேலையைக் கெடுக்கும்போதுதான் நோய் என்கிறோம். காய்ச்சல், வலி போன்றவை நோயின் அறிகுறிகள். தொற்றுக்கும் அறிகுறிக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. அதற்கு அடைகாக்கும் காலம் என்று பெயர். கோழி அடையில் உட்கார்ந்தால் குஞ்சு வர 21 நாள் ஆகும். அதுவரை முட்டை வெளியே பார்க்க சும்மாதான் இருக்கும். உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். நோயும் அப்படித்தான்.

ஒவ்வொரு நோய்க்கும் இந்தக் காலம் வேறு வேறு. சளிக் காய்ச்சலுக்கு சில நாள்தான். வெறிநாய்க்கடி நோய்க்கு, அதாவது ரேபிஸ் நோய்க்கு, பெரும்பாலும் ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை. சிலருக்கு ஒரு வாரத்திலும் வரலாம், ஒரு வருடம் கழித்தும் வரலாம். அதனால்தான் புண் ஆறியதை வைத்து நோய் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆறியது தோல் மட்டும்தான்.

கடித்த இடத்திலிருந்து மூளை வரை

ரேபிஸ் ஒரு வைரஸ் கிருமி. வெறி பிடித்த நாயின் எச்சிலில் இருக்கும். பல் பட்ட இடம் வழியாகத் தசைக்குள் போகும். அங்கே சில நாள் தங்கிப் பெருகும். பிறகு பக்கத்தில் இருக்கும் நரம்புக்குள் நுழைந்து, அந்த நரம்பு வழியாகவே மெதுவாக மேலே ஏறி, தண்டுவடத்துக்கும் மூளைக்கும் போகும்.

நம் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் காவல்காரர் மாதிரி சுற்றி வருகின்றன என்று படித்திருக்கிறோம். அவை ஏன் இதைப் பிடிக்கவில்லை? இந்தக் கிருமி ரத்தத்தில் ஊர்வலம் போவதில்லை. நரம்புக்குள் ஒளிந்து போகிறது. அதனால் உடம்புக்குச் சீக்கிரம் தெரிவதில்லை. கிருமி மூளைக்குப் போகும் வரை ஆள் நன்றாகத்தான் இருப்பார், சாப்பிடுவார், பள்ளிக்கூடம் போவார்.

மூளையை அடைந்ததும் காய்ச்சல், தலைவலி வரும். ஆறிப்போன தழும்பு குறுகுறு என்று இருக்கும். பிறகு தண்ணீர் குடிக்கப் போனாலே தொண்டைத் தசை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் தண்ணீரைக் கண்டு பயப்படுகிறார்கள். மூளையிலிருந்து கிருமி எச்சில் சுரப்பிக்கும் வருகிறது. நாய் எச்சிலில் கிருமி இருப்பதும் இப்படித்தான். அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. எழுதவே கை நடுங்குகிறது, ஆனாலும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

காலில் கடித்தால் கிருமி போக வேண்டிய தூரம் அதிகம். முகத்திலோ கழுத்திலோ கடித்தால் தூரம் குறைவு, சீக்கிரம் போய்விடும். சின்னப் பிள்ளைகள் உயரம் குறைவானதால் முகத்தில் கடிபட வாய்ப்பு அதிகம்.

ஊசி என்ன செய்கிறது?

பெரும்பாலான தடுப்பூசிகளை நோய்க்கிருமி வருவதற்கு முன்னாலேயே போடுகிறோம். இதையோ நாய் கடித்த பிறகும் போடலாம். ஏன் தெரியுமா? கிருமி மூளைக்குப் போய்ச் சேர நாள் ஆகிறது. அந்த நாள் நமக்குக் கிடைத்த நாள். ஊசியில் இருப்பது செத்த கிருமி. அதைப் பார்த்து நம் உடம்பு எதிர்ப்புப் பொருளைத் தயார் செய்கிறது. அதற்கு ஒன்று, இரண்டு வாரம் ஆகும். அதுவரை காவலுக்கு, ரத்தம் வரும்படி கடித்திருந்தால், தயாராக உள்ள எதிர்ப்புப் பொருளையே புண்ணைச் சுற்றி ஊசியாகப் போடுகிறார்கள். தம்பிக்கும் போட்டார்கள். மற்ற ஊசிகள் உடம்புக்குத் திரும்பத் திரும்ப ஞாபகப்படுத்த. பாடம் ஒரு தடவை படித்தால் மறந்துவிடும் அல்லவா, அது மாதிரி.

பிரான்ஸ் நாட்டில் லூயி பாஸ்டர் 1885 ஜூலை 6-ஆம் நாள் ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இந்த மருந்தைக் கொடுத்தார். நாய் கடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பையன் பிழைத்துக்கொண்டான். பாஸ்டர் இறந்த செப்டம்பர் 28-ஆம் நாளைத்தான் உலக வெறிநோய் தினமாக நடத்துகிறார்கள். நம் தமிழ்நாட்டில் குன்னூரில் 1907-லேயே பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது.

தம்பி பயந்த தொப்புள் ஊசி பழைய காலத்து மருந்து. இப்போது நம் நாட்டில் அது இல்லை. இப்போது கையில்தான் போடுகிறார்கள். எறும்பு கடித்த மாதிரி இருந்தது என்று தம்பியே சொன்னான்.

நாய் கடித்தால் செய்ய வேண்டியவை

1. உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். இந்தக் கிருமிக்கு மேலே ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. சோப்பு அதைக் கரைத்துவிடும்.

2. சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். கட்டும் போடாதீர்கள்.

3. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே ஊசி இலவசம். நாள் கடந்துவிட்டாலும் விட்டுவிடாமல் போங்கள்.

4. நாயைப் பத்து நாள் கவனிப்பது நல்லது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருக்காதீர்கள்.

5. குட்டி நாய், வளர்ப்பு நாய், பூனை, குரங்கு எது கடித்தாலும் பிறாண்டினாலும் சொல்லுங்கள்.

6. சீட்டில் எழுதிய எல்லா ஊசியையும் போடுங்கள்.

உலகத்தில் வெறிநாய் என்று சந்தேகப்படும் விலங்குகளிடம் கடிபடுபவர்களில் பத்துக்கு நான்கு பேர் 15 வயதுக்குக் குறைந்தவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதாவது நாம்தான். நம்மில் பலர் அடிக்குப் பயந்து வீட்டில் சொல்வதில்லை. பெற்றோர்களே, இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை வந்து சொன்னால் அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்த தடவை சொல்லாது.

இதையெல்லாம் சொன்னதும் தம்பி கொஞ்ச நேரம் தழும்பையே பார்த்தான். பிறகு, "அப்ப நாளைக்கு நீயும் வாக்கா" என்றான். 28-ஆம் நாள் நானும் கூடப் போனேன். ஊசி முடிந்தது. அந்தக் குட்டியை அதற்குப் பிறகு நாங்கள் பார்க்கவே இல்லை. அதற்கு வெறி இருந்ததா, இல்லையா என்று தெரியாது. அப்பத்தா மட்டும் இன்னும் கயிற்றை முடிந்து வைத்திருக்கிறது. ஆனால் போன வாரம் பக்கத்து வீட்டுப் பையனை நாய் பிறாண்டியதும் அதுதான் முதலில் சொன்னது: "ஏய், மொதல்ல சோப்பு எடுத்துட்டு வாங்கடி!"



— ஒன்பதாம் வகுப்பு மாணவி