எலிகன்சு புழுவின் நரம்பிணைப்பு வரைபடம்

எலிகன்சு புழுவின் நரம்பிணைப்பு வரைபடம் என்பது, சீனோராப்டிடிசு எலிகன்சு என்னும் உருளைப்புழுவின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று எவ்வாறு இணைந்துள்ளன என்பதைக் காட்டும் வரைபடம் ஆகும். ஒரு விலங்கின் நரம்பு மண்டலம் ஏறத்தாழ முழுமையாக வரையப்பட்டது இதுவே முதன்முறை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ச் நகரிலுள்ள மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடத்தில் உருவான இது 1986 இல் வெளியானது. இதன் பெரும்பகுதி ஆய்வுகூட உதவியாளர்கள் இருவரின் கைவேலை ஆகும்.

பின்னணி

மரபணுக்கள் நரம்பு மண்டலத்தை எவ்வாறு அமைக்கின்றன என்பதை அறிய, சிட்னி பிரென்னர் 1960களில் இப்புழுவைத் தெரிவு செய்தார். ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளமுள்ள, வளர்ந்த இருபால் புழுவில் 302 நரம்பணுக்களே உள்ளன.

உதவியாளர்களின் பணி

நிக்கோல் தாம்சன் புழுவை ஏறத்தாழ 50 நானோமீட்டர் தடிப்புள்ள சீவல்களாக வரிசை குலையாமல் வெட்டினார். அதாவது, ஒரு மில்லிமீட்டருக்கு 20,000 சீவல்கள். இடையில் சில சீவல்கள் கெட்டால் நரம்பிழையின் தொடர்ச்சி அறுந்துவிடும். சீவல்கள் எதிர்மின்னி நுண்ணோக்கியில் (இலத்திரன் நுணுக்குக்காட்டி) படமாக்கப்பட்டன.

ஐலீன் சவுத்கேட் அப்படங்களில் ஒவ்வொரு நரம்பிழையையும் பேனாவால் பெயர் குறித்து, படத்துக்குப் படம் பின்தொடர்ந்தார். ஒரு படத்தில் ஓர் இழையை மற்றொன்றாகக் கொண்டால், அதன் பின்வரும் இணைப்புகள் அனைத்தும் தவறான நரம்பணுவின் கணக்கில் சேர்ந்துவிடும். எனவே இடப்புற நரம்பணுக்கள் வலப்புறத்தவற்றோடும், ஒரு புழுவின் படங்கள் மற்றொன்றின் படங்களோடும் ஒப்பிடப்பட்டன. இவ்வேலையைக் கணினியால் செய்யவும் முயன்றனர். அக்காலக் கணினிகள் அதற்குப் போதவில்லை.

முடிவுகள்

302 நரம்பணுக்களும் 118 வகைகளாகப் பிரிக்கப்பட்டன. ஏறத்தாழ 5,000 வேதி நரம்பிணைப்புகள், 2,000 நரம்பு-தசைச் சந்திப்புகள், 600 இடைவெளிச் சந்திப்புகள் கண்டறியப்பட்டன. வரைபடம் ஒரே புழுவினுடையது அன்று. பல புழுக்களின் பகுதிகளை இணைத்தே பெறப்பட்டது. சில இடங்களில் விடுபடல்களும் இருந்தன.

கட்டுரையின் ஆசிரியர் வரிசை குறிப்பிடத்தக்கது: ஜான் வைட், சவுத்கேட், தாம்சன், பிரென்னர். உதவியாளர்களின் உழைப்பு கட்டுரை இறுதியில் ஒரு நன்றி வரியோடு முடிந்துவிடுவது பல துறைகளில் வழக்கம். இங்கே அவர்களின் பெயர்கள் பிரென்னரின் பெயருக்கு முன்னே உள்ளன. புழுவின் தொடுவுணர்வுச் சுற்றை விளக்கிய 1985 ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் இருவரும் ஆசிரியர்களாக உள்ளனர்.

பிற்கால வரைபடங்கள்

2024 இல் பழ ஈயின் முழு மூளை வரைபடம் வெளியானது. அதில் ஏறத்தாழ 1,40,000 நரம்பணுக்கள் உள்ளன. இழைகளைப் பிரித்தறியும் வேலையைக் கணினி செய்தது; அதன் பிழைகளைப் பல நாடுகளின் ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும் திருத்தினர்.