இறால் வலைக்குள் ஒரு கதவு

இறாலுக்குப் போகும் விசைப்படகின் இழுவலை கடலடியை உரசியபடி மணிக்கணக்கில் ஓடும். வாய் அகலமாக இருக்கும். அதை விரித்துப் பிடிக்க இருபுறமும் கனத்த பலகைகள். பின்னால் போகப் போக வலை குறுகிக் கழுத்தாகி, கடைசியில் ஒரு பையில் முடியும். எதிர்ப்படுவதெல்லாம் அந்தப் பைக்குத்தான் போகும்: இறால், நண்டு, கணவாய், காரல் பொடி, கல், சொறி (ஜெல்லிமீன்). சில வேளைகளில் ஆமையும்.

ஆமைக்குச் செவுள் இல்லை. மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். வலைக்குள் மாட்டிப் பதறும் ஆமை, சும்மா கிடக்கும் ஆமையைவிட வேகமாகக் காற்றைத் தீர்த்துவிடும். அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழுவின் 1990ஆம் ஆண்டு அறிக்கை இதைக் கணக்காகவே சொன்னது. ஒரு மணி நேரத்துக்குள் வலையை எடுத்தால் ஏறக்குறைய எல்லா ஆமைகளும் பிழைக்கின்றன. 200 நிமிடத்தைத் தாண்டினால் பாதி செத்துவிடுகின்றன. அமெரிக்கக் கடல்களில் இறால் வலைகளால் ஆண்டுக்கு 5,000 முதல் 50,000 வரை பெருந்தலை ஆமைகள் இறக்கக்கூடும் என்றும் அது மதிப்பிட்டது.

இதற்கு மாற்றாக வந்த கருவியைப் பார்த்தால் பலருக்கும் ஏமாற்றமாக இருக்கும். மின்சாரம் கிடையாது, அசையும் உறுப்பு எதுவும் கிடையாது. முட்டை வடிவ உலோக வளையம் ஒன்று. அதற்குள் சன்னல் கம்பிபோல் வரிசையாகக் கம்பிகள். இதை வலையின் கழுத்தில் சாய்வாக வைத்துத் தைத்துவிடுவார்கள். நீரோட்டத்தோடு வரும் இறால் கம்பிகளுக்கு இடையே நுழைந்து பைக்குப் போகிறது. ஆமை கம்பியில் மோதி, சாய்வில் சறுக்கி, அங்கே வலையில் வெட்டியிருக்கும் வாசலைத் தள்ளிக்கொண்டு வெளியேறுகிறது. வாசலை மூடியிருக்கும் வலைத்துண்டு நீரின் அழுத்தத்தில் தானே திரும்பப் படிந்துகொள்ளும்.

சூட்சுமமெல்லாம் கோணத்தில்தான். அமெரிக்க விதிப்படி கம்பித்தட்டு 30 பாகைக்கும் 55 பாகைக்கும் இடையே சாய்ந்திருக்க வேண்டும். கம்பிகளின் இடைவெளி 4 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. சாய்வு குறைந்து தட்டு செங்குத்தாக நின்றால் ஆமை கம்பியோடு அழுந்திக் கிடக்கும், குப்பையும் அடைத்துக்கொள்ளும். அதிகம் படுத்துவிட்டாலோ இறாலே வாசல் வழியாக நழுவும். தட்டின் எடையால் வலை தொய்யாமலிருக்க மிதவைகளும் கட்ட வேண்டும். ‘இதைப் போட்டால் இறால் போய்விடுகிறது’ என்ற புகார் எல்லாக் கடலிலும் எழுந்திருக்கிறது. அதில் ஒரு பங்கு தப்பான தையலால் வந்தது என்றே நினைக்கிறேன். முழுவதும் அப்படியல்ல, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தத் தட்டைக் கண்டுபிடித்தவர் ஆய்வாளர் அல்லர். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், டேரியன் என்ற சிற்றூரைச் சேர்ந்த இறால் மீனவர் சிங்கி பூன். அவருக்கு ஆமை ஒரு கவலையே இல்லை. பீரங்கிக்குண்டுபோல் உருண்டு திரண்ட சொறிகள் வலையை நிரப்பிக் கிழித்ததுதான் அவர் தலைவலி. அவற்றைத் தள்ளிவிட அவர் செய்த தட்டு ஆமையையும் தள்ளியது.

அரசாங்க ஆய்வாளர்கள் தனியாக ஒரு கருவி செய்தார்கள். அது பெரிய கூண்டு. கனம் அதிகம், மேல்தளத்தில் வைத்துப் புழங்கவே சிரமம். மீனவர்கள் சீந்தவில்லை. 1987இல் கருவி கட்டாயம் என்று விதி வந்தது. 1989 ஜூலையில் டெக்சாஸ் மாநிலத்து இறால் படகுகள் கூட்டமாகச் சென்று கப்பல் கால்வாய்களை மறித்தன. அதற்குள் பூனின் வடிவம் ‘ஜார்ஜியா ஜம்பர்’ என்ற பெயரில் அங்கீகாரம் பெற்றிருந்தது. பிற்பாடு அந்த வகைத் தட்டுதான் நிலைத்தது.

அதே காலத்தில் நார்வேயிலும் இதுவே நடந்தது. நூர்மோர் பகுதி மீனவர் பால் பிராட்டோய் சொறியைத் தள்ளவே தம் இறால் வலையில் ஒரு கம்பித்தட்டை வைத்தார். அங்கே ஆமை இல்லை. காட் மீன் குஞ்சுகள்தான் பிரச்சினை. குஞ்சுகள் அதிகம் சிக்கும் பரப்புகளை அரசு மூடிவைத்திருந்தது. கம்பி இடைவெளியை 19 மில்லிமீட்டராகக் குறுக்கியதும் பெரும்பாலான குஞ்சுகள் வெளியேறின. மூடிய பரப்புக்குத் தட்டோடு திரும்பலாம் என்றானது. மீனவருக்கு அதில் நேரடி லாபம் இருந்தது, கருவியும் சட்டென்று பரவியது.

இந்தியாவுக்கு இது வர்த்தக வழக்காக வந்து சேர்ந்தது. கருவி பூட்டாத நாடுகளின் கடல் இறாலை வாங்குவதில்லை என்ற 1989ஆம் ஆண்டுச் சட்டத்தை 1996இல் அமெரிக்கா ஆசியாவுக்கும் நீட்டியது. கரீபிய நாடுகளுக்கு மூன்றாண்டு அவகாசம், ஆசியாவுக்கு நான்கே மாதம். இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்புக்குப் போயின. ஆமையைக் காக்கும் நோக்கம் சரி, நடைமுறைப்படுத்திய விதம் பாரபட்சமானது என்று 1998 அக்டோபரில் மேல்முறையீட்டு அமர்வு தீர்ப்பளித்தது.

கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கென்று ஒரு தட்டை வடிவமைத்தது. அதன் கம்பி இடைவெளி அமெரிக்க அளவைவிட அகலம். அதற்குக் காரணம் இருக்கிறது. ஜார்ஜியா படகுக்கு இறால் கிடைத்தால் போதும். நம் படகுக்கோ திருக்கையும் பெரிய மீனும் காசு; டீசல் செலவு ஈடாவதே பல நாள் அவற்றால்தான். ஆமை போகும் வாசல் வழியே அவையும் போகும். முன்பு சொன்ன புகாரில் நியாயமான பங்கு இதுதான். கருவி பரவாததால் 2019 முதல் இந்தியக் கடல் இறாலுக்கு அமெரிக்கச் சந்தை மூடியிருக்கிறது. ஏற்றுமதியில் பெரும்பகுதியான பண்ணை வனாமி இறாலுக்கு அந்தத் தடை கிடையாது. அடி விழுவது கேரளத்தின் கரிக்காடி போன்ற கடல் இறாலுக்குத்தான்.

2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியபோது இழுவலைகள்மேல் மறுபடியும் பேச்சு எழுந்தது. கொச்சி நிறுவனத்திடம் இன்னொரு கருவியும் உண்டு. அது மீன்குஞ்சுகளை வெளியேற்றிவிட்டு, இறாலையும் பெரிய மீனையும் தனித்தனிப் பைகளில் சேர்க்கும். 2005இல் உலகளாவிய மீன்பிடிக் கருவிப் போட்டி ஒன்றில் அதற்குப் பரிசு கிடைத்தது. வலையைத் தளத்தில் கொட்டியபின் குந்தியிருந்து இறால் பொறுக்கும் வேலையை அது பாதி முடித்துத் தருகிறது. படகுக்காரரிடம் பேச்சைத் தொடங்க ஆமையைவிட அதுவே வசதியான இடம் என்பது என் எண்ணம்.