ஊதுலை வாயு: எரிபொருளும் நஞ்சும்

இரும்பாலையைக் காணச் செல்வோரின் கண்ணை முதலில் ஈர்ப்பது செந்நிறமாய் ஓடும் இரும்புக் குழம்பே. எனினும், கண்ணுக்குப் புலப்படாத ஒரு வாயுவே ஆலையின் சிக்கனத்தையும், தொழிலாளரின் உயிரையும், சுற்றுப்புறத்தின் தூய்மையையும் பெரிதும் நிர்ணயிக்கின்றது. அதுவே ஊதுலை வாயு ஆகும்.

திருப்பதிக்கும், தமிழர் திருக்காளத்தி என வழங்கும் ஸ்ரீகாளஹஸ்திக்கும் இடையே ராசகுன்னேரி என்னும் ஊர் உள்ளது. முன்னர்ச் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022-இல் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபின் திருப்பதி மாவட்டத்தில் அடங்கியது. இங்குள்ள ஆலையில் ஊதுலையிலிருந்து பெறும் இரும்பைக்கொண்டு குடிநீர்க் குழாய்கள் வார்க்கப்படுகின்றன. கற்கரி அடுப்புகளின் கழிவு வெப்பத்தால் மின்சாரமும், உலைக் கசடிலிருந்து சிமெண்டும் பெறப்படுகின்றன. ஒரு பிரிவின் கழிவு மற்றொரு பிரிவின் மூலப்பொருளாவதற்கு இது நல்ல சான்றாகும்.

ஊதுலையின் அடியில் வெப்பக் காற்றைச் செலுத்துங்கால், கற்கரி எரிந்து கரியமில வாயு உண்டாகிறது. அது மேலும் சிவந்த கற்கரியுடன் சேர்ந்து கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. இவ்வாயுவே இரும்புத் தாதுவிலுள்ள பிராண வாயுவைப் பிரித்தெடுத்து, இரும்பை விடுவிக்கிறது. ஆயினும் அது முழுவதும் செலவழிவதில்லை. உலையின் உச்சியிலிருந்து வெளியேறும் வாயுவில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை கார்பன் மோனாக்சைடு எஞ்சியிருக்கும்.

ஊதுலை வாயுவின் எரிதிறன் இயற்கை வாயுவின் எரிதிறனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே. ஆனால் அதன் அளவு மிகுதி. ஒரு டன் இரும்புக்கு ஏறத்தாழ 1,500 முதல் 2,000 கன மீட்டர் வரை வெளிப்படும். அதிலுள்ள தூசியை நீக்கி எரித்தால், உலைக்குச் செலுத்தும் காற்றை 1,000 டிகிரி செண்டிகிரேடு அளவுக்கும் சூடேற்றலாம். காற்றின் வெப்பம் உயர உயரக் கற்கரிச் செலவு குறையும். நீக்கிய தூசியிலும் இரும்பும் கரியும் இருத்தலின், அதனைத் தாதுத்தூளுடன் சேர்த்துச் சுட்டுக் கட்டியாக்கி மீண்டும் உலையில் இடலாம்.

இனி, இதன் மறுபக்கத்தைக் காண்போம். கார்பன் மோனாக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபின், பிராண வாயுவைவிட இதனுடன் இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பிணைகின்றது. தலைவலியும் மயக்கமும் தோன்றும் வேளையில், தப்பிச் செல்லும் ஆற்றல் குறைந்துவிடும். மயங்கி வீழ்ந்தவரைக் காக்க ஓடியவரும் அங்கேயே வீழ்தல் உண்டு. முகத்தில் கட்டும் துணியோ தூசிக்கவசமோ இவ்வாயுவைத் தடுக்காது. தனிக் காற்றுக்கலத்துடன் கூடிய சுவாசக் கருவி அணிந்து, துணையாளுடன் செல்வதே மீட்புக்குரிய முறை.

2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், இவ்வாயுவின் எட்டு மணி நேரச் சராசரி அளவு பத்து இலட்சத்தில் 50 பங்குக்கு மேற்படலாகாது என வரையறுத்திருந்தது. நச்சு வாயு இருக்கக்கூடிய மூடிய கலங்களுக்குள் நுழைவதற்கும் அதன் 36-ஆம் பிரிவு கட்டுப்பாடுகளை விதித்திருந்தது. 1981-ஆம் ஆண்டுக் காற்று மாசு தடுப்புச் சட்டமும், 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் ஆலைக்கு வெளியே வாழும் மக்களை நோக்கியவை.

இவற்றைத் தனித்தனிச் சுமைகளாகக் கருதுவது தவறு. குழாய் இணைப்பொன்றில் வாயு கசிந்தால், எரிபொருள் இழப்பு, உயிருக்கு ஆபத்து, காற்று மாசு ஆகிய மூன்றும் ஒருங்கே நேர்கின்றன. அவ்விணைப்பைச் செப்பனிடும் ஒரே செயலால் மூன்றும் நீங்குகின்றன. நீரின் நிலையும் இத்தகையதே. மழை குறைந்த இப்பகுதியில், குளிர்விக்கப் பயன்பட்ட நீரை மீண்டும் மீண்டும் சுழற்றிப் பயன்படுத்துவது சிக்கனம். அந்நீர் வழிதவறி இரும்புக் குழம்பின் அடியில் சிக்கினாலோ, ஆவியாகி ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து வெடிப்பை விளைவிக்கும். ஆகவே நீர்க்கசிவைத் தடுப்பதும் சிக்கனமும் பாதுகாப்பும் ஒருங்கே ஆகும்.

களப்பணியாளர்கள் வாயு அளவுமானிகளைக் குறித்த காலத்தில் சோதித்து, அளவுகளை நாள்தோறும் பதிந்து வைத்தல் வேண்டும். ஆசிரியர்கள் இப்பாடத்தை வீட்டிலிருந்தே தொடங்கலாம். மூடிய அறையில் கரியடுப்பை வைத்து உறங்கியோர் மாண்டதாகச் செய்தித்தாள்களில் வரும் செய்திகளுக்குக் காரணமும் இவ்வாயுவே. அதனை உணர்ந்த மாணவன், பின்னாளில் ஆலையில் பணிபுரியுங்கால், எச்சரிக்கை மணியைப் புறக்கணிக்க மாட்டான்.