கோட்டைப் புள்ளிமான்கள்

திருக்கோணேச்சரத்துக்குச் செல்லும் அடியார்கள் பிரெட்றிக் கோட்டை வாயிலைக் கடந்ததும் கண்ணிற்படுபவை புள்ளிமான்களே. போர்த்துக்கேயர் 1624இல் கட்டி, ஆங்கிலேயர் 1803இல் பெயரிட்ட இக்கோட்டையில் இன்றும் படையினர் தங்கியுள்ளனர். ஊர்விட்டு வந்து காவல் புரியும் சிப்பாய்க்கு அம்மான்களே அயலவர். வேட்டைக்காரருக்கு அங்கே வழியில்லை.

ஆனால் இடர் வேறு வழியாக வருகிறது. மான் அசைபோடும் பிராணி. பழமணம் படிந்த பொலித்தீன் பையை அது விழுங்கினால், பை செரிப்பதுமில்லை, எளிதில் வெளியேறுவதுமில்லை. முதல் இரைப்பையிலே திரண்டு இடத்தை அடைத்துக்கொள்கிறது. வயிறு நிறைந்திருக்கவே மான் பட்டினியால் மெலிந்து மடிகிறது. பழம் ஊட்டியவர் அன்புடையவர்தாம். பையை எறிந்து சென்றவரும் சிலவேளை அவரேயாவர். துறைமுக நகரின் குப்பையை நாடி மான்கள் வெளியே உலவும்போது, காவலாளரின் கண்ணும் அவற்றை எட்டுவதில்லை.