எளிய கைபேசிகளில் ஒலிப்பாடம் தடையின்றி ஒலிக்கும் வகை

நெய்யாற்றின்கரை வட்டத்துக் கோட்டுகால் முதல் பாறசாலை எல்லை வரையுள்ள சிற்றூர்களில் தமிழ் வழியில் பயிலும் மாணவர்களும் உளர். கேரள அரசின் கைட் நிறுவனம் 2020-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதியன்று ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகளைத் தொடங்கியபோது, தமிழ் வழி மாணவர்க்கும் வகுப்புகள் அமைக்கப்பட்டன. 2022-இல் ஒலிநூல்களும் வெளிவந்தன. இவ்வாறே ஆசிரியர்களும் தம் குரலில் பாடங்களைப் பதிந்து அனுப்புதல் இயலும். ஆயினும், வீட்டிலுள்ள ஒரே கைபேசி ஆற்றல் குறைந்ததாயின் ஒலி இடையிடையே அறுபடும். ‘வகுக்க’ என்னும் ஒரு சொல் கேளாது போயின், மாணவனுக்குக் கணக்கே பிழைபடும். இதற்குப் புதிய கைபேசிதான் பரிகாரம் என்று கருத வேண்டுவதில்லை. பெரும்பாலும் பரிகாரம் பாடத்தைப் பதிவு செய்வோர் கையிலேயே உள்ளது.

ஒலி அறுபடுவதன் காரணம் யாது? கைபேசி ஒலியை எண்களாகவே சேமிக்கின்றது. இசைத்தட்டின் தரத்தில் ஒவ்வொரு காதுக்கும் விநாடிக்கு 44,100 மாதிரிகள் தேவை. பதிவு சுருக்கப்பட்டிருப்பதால், பிராஸஸர் என்னும் கணிப்புறுப்பு அதனை விரித்து, ‘பஃபர்’ என்னும் தற்காலிக நினைவிடத்தில் நிரப்புகின்றது. ஒலிபெருக்கி அங்கிருந்து எடுத்துக்கொள்கின்றது. முறைப்பாசன நீர் வராத நாளில், கால்வாயின் கடைக்கோடி வயலைக் குளம் காப்பது போன்றதே இவ்வமைப்பு. விநாடிக்கு 48,000 மாதிரிகளை ஒலிக்கும் கருவியில் 4,800 மாதிரிகள் கொண்ட பஃபர், பத்தில் ஒரு விநாடிக்கே போதும். கணிப்புறுப்பு அதனினும் நீண்ட நேரம் வேறு வேலையில் ஈடுபடின் பஃபர் வறண்டு, ஒலி அறுபடும்.

எனவே, கணிப்புறுப்பின் சுமையைக் குறைத்தலும் பஃபரைப் பெரிதாக்கலுமே வழிகள். பேச்சுக்கு இசையின் நுட்பம் வேண்டுவதில்லை. பாடத்தை ஒற்றைத் தடத்தில், விநாடிக்கு 24,000 மாதிரிகளாகப் பதியலாம். இசைத்தட்டின் இரு தடங்களுக்குரிய 88,200 மாதிரிகளோடு ஒப்பிட, இது நான்கில் ஒரு பங்கிற்குச் சற்றே மிகுதி. மேலும், இன்றைய கைபேசிகள் பல 48,000 மாதிரிகளில் ஒலிப்பதால், அதில் சரிபாதியான 24,000-ஐ மாற்றியமைத்தல் எளிது. விநாடிக்கு 32 கிலோபிட் அளவில் எம்.பி.3 முறையில் சுருக்கினால், ஒரு மணி நேரப் பாடம் ஏறத்தாழ 14 மெகாபைட்டுக்குள் அடங்கும். சுருக்காத இசைத்தட்டுப் பதிவோ 635 மெகாபைட் வரை செல்லும். 2012-இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் முறை பேச்சுக்கு மிக ஏற்றதாயினும், பழைய பொத்தான் கைபேசிகள் பல அதனை ஏற்கா.

ஒலிப்பான் செயலியில் பஃபரின் அளவை மாற்ற வசதியிருப்பின் அரை விநாடியாக வைக்கலாம். பாடம் தொடங்கச் சற்றுத் தாமதமாகும், அதனால் கேடில்லை. இருவர் உரையாடுவதற்கோ இத்தாமதம் ஏற்றதன்று.

கேட்போர் கடைப்பிடிக்க வேண்டியவையும் சில உள. பாடத்தை முன்னரே இறக்கிக் கைபேசியில் சேமித்துக் கேட்டல் நன்று. ஒலிநயத்தை மாற்றும் வசதிகளையும் வேகக் கட்டுப்பாட்டையும் நிறுத்தி வைத்தல் வேண்டும். அவை மிகுதியான கணிப்பைக் கோருவன. தேவையற்ற பிற செயலிகளையும் மூடிவிட வேண்டும்.

ஆசிரியர்கள் மூலப் பதிவைச் சுருக்காமல் தனியே பாதுகாத்தல் அவசியம். ஒரு முறை சுருக்கியதை மீண்டும் மீண்டும் சுருக்கினால் மெய்யெழுத்துகளின் தெளிவு குன்றும். பாடத்தை அனுப்புமுன், வகுப்பு மாணவர் வீடுகளில் உள்ளவற்றுள் மிக எளிய கைபேசியொன்றில் அதனை முழுவதும் ஒலிக்கச் செய்து பார்த்தல் நலம்.