உங்களுக்குத் தெரியுமா? பறப்பவர்களுக்குக் கீழே நிற்பவர்கள்

● ஆரம்பகால சூப்பர்மேன் ஒரு குடியிருப்பையே வேண்டுமென்று இடித்துத் தள்ளியிருக்கிறார். 1939 ஜனவரி தேதியிட்ட ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ 8-ஆம் இதழில் வந்த கதை இது. ஏழைப் பையன்கள் திருடர்களாவதற்கு அவர்கள் வளரும் பாழடைந்த வீடுகளே காரணம் என்று முடிவு செய்கிறார். புயலில் அழிந்த ஊருக்கு அரசு புது வீடுகள் கட்டித்தந்த செய்தி அவர் கண்ணில் படுகிறது. உடனே, குடியிருப்பவர்களைச் சாமான்களோடு வெளியேறச் சொல்லிவிட்டு அத்தனையையும் தரைமட்டமாக்குகிறார். கதையில் அரசும் புது வீடுகளைக் கட்டித்தருகிறது. அன்றிரவு அந்தக் குடும்பங்கள் எங்கே படுத்திருப்பார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

● 1966-இல் பூமியை விழுங்க வந்த கேலக்டஸைத் தடுத்ததில் பெரும் பங்கு பார்வையற்ற ஒரு சிற்பிக்கு உண்டு. ஸ்டான் லீ, ஜாக் கிர்பி உருவாக்கிய ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 48 முதல் 50 வரையிலான இதழ்களில், கேலக்டஸின் தூதன் சில்வர் சர்ஃபர் அலிசியா மாஸ்டர்ஸின் வீட்டுக்குள் வந்து விழுகிறான். அவள் சாப்பாடு கொடுத்து, பேசி, மன்றாடுகிறாள். மனிதர்கள் மேல் இரக்கம் பிறந்த பிறகுதான் அவன் தன் எஜமானை எதிர்க்கத் துணிகிறான்.

● சண்டை முடிந்ததும் இடிபாடுகளை யார் அள்ளுவது? இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் ‘டேமேஜ் கன்ட்ரோல்’. எழுத்தாளர் டுவெய்ன் மெக்டஃபியும் ஓவியர் எர்னி கொலோனும் 1988-இல் மார்வெலில் அறிமுகப்படுத்திய கட்டுமான நிறுவனம் இது. கணக்கர், பொறியாளர், விற்பனைப் பிரிவு என்று இதன் நாயகர்கள் எல்லாருமே சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள். 2017-இல் வந்த ‘ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்’ படத்திலும் இந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள்.

● ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த ‘வாட்ச்மென்’ (1986–87) கதையில் நியூயார்க் தெருமுனை ஒன்று அடிக்கடி வரும். அங்கே பத்திரிகை விற்கும் ஒரு பெரியவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காசு கொடுக்காமலே கடற்கொள்ளைக்காரர் காமிக்ஸ் படிக்கும் ஒரு சிறுவன். இருவர் பெயரும் பெர்னார்ட். முதல் வாசிப்பில், கதைக்கு இவர்கள் எதற்கு என்றுகூடத் தோன்றும். 11-ஆம் அத்தியாயத்தின் முடிவில் அதே முனையில் ஒருத்தி அடி வாங்குகிறாள். சண்டையை விலக்கப் போனால் விட்டுப் போய்விடுவேன் என்று மனைவி எச்சரித்தும், சிறைக் கைதிகளுக்கு மனநல மருத்துவம் பார்க்கும் மால்கம் லாங் அங்கே போகிறார். அப்போதுதான் பேரழிவு இறங்குகிறது. பெரியவர் சிறுவனைக் கட்டிக்கொள்கிறார். ஒன்பது கட்டங்களாகப் பக்கத்தைப் பிரிப்பது இந்த நூலின் வழக்கம். ஆனால் 12-ஆம் அத்தியாயத்தின் முதல் ஆறு பக்கங்களும் முழுப் பக்கப் படங்கள், எல்லாம் பிணங்கள். அந்தத் தெருமுனையில் நாம் இத்தனை அத்தியாயங்கள் நின்றிருக்காவிட்டால் அந்த ஆறு பக்கங்கள் வெறும் ரத்தக்காட்சியாகவே போயிருக்கும்.

● 1993-இல் ‘சூப்பர்மேன்’ 80-ஆம் இதழில் கோஸ்ட் சிட்டி என்ற நகரம் எழுபது லட்சம் பேரோடு அழிந்தது. எண்ணிக்கை பெரிதுதான், ஆனால் அதில் எத்தனை பேரின் முகம் நமக்குத் தெரியும்? மறு ஆண்டு, அந்நகரத்தைச் சேர்ந்த க்ரீன் லான்டர்ன் ஹால் ஜோர்டன் தன் மோதிரத்தின் சக்தியால் ஊரையும் இறந்தவர்களையும் மறுபடி உருவாக்கிப் பார்க்கிறான். சக்தி தீர்ந்ததும் எல்லாம் கலைந்துவிடுகிறது. அங்கேதான் அந்த இழப்பு எனக்கு உறைத்தது.

● கர்ட் பியூசிக் எழுதி அலெக்ஸ் ராஸ் வண்ணம் தீட்டிய ‘மார்வெல்ஸ்’ (1994) முழுவதையும் நமக்குச் சொல்பவர் ஃபில் ஷெல்டன் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர். அதிசக்தி படைத்த நேமோரும் ஹியூமன் டார்ச்சும் மோதும்போது சிதறி வந்த துண்டு பட்டு ஒரு கண்ணை இழந்தவர். மிச்சமிருக்கும் கண்ணோடு கேமராவைத் தொடர்ந்து பிடித்தவர்.

● அதே ராஸ், மார்க் வெய்டுடன் சேர்ந்து படைத்த ‘கிங்டம் கம்’ (1996) கதையில் கன்சாஸ் மாநிலமே நாசமாகிறது. அதைக் கண்டு கலங்கும் பாதிரியார் நார்மன் மெக்கேயின் முகம், ஓவியரின் தந்தையான கிளார்க் ராஸின் முகம். அவரும் நிஜத்தில் பாதிரியாரே.

● காமிக்ஸில் வந்த அழிவுகளில் மிகச் சிறியது எதுவென்று கேட்டால், 1996-இல் வந்த ‘ஆஸ்ட்ரோ சிட்டி’ சிறுகதையைச் சொல்வேன். மைக்கேல் என்பவனின் கனவில் ஒரு பெண் திரும்பத் திரும்ப வருகிறாள். அவளைப் பற்றி எல்லாம் தெரிகிறது, ஆனால் வாழ்க்கையில் சந்தித்ததே இல்லை. அவள் அவனுடைய மனைவியாக இருந்தவள். மாவீரர்கள் மோதியதில் காலமே சிதைந்து, பிறகு சரிசெய்யப்பட்டபோது, அவள் மட்டும் பிறக்காமலே போய்விட்டாள். உலகம் தப்பித்ததைப் பற்றி எத்தனையோ கதைகள் உண்டு. அந்த வெற்றியின் கணக்கில் விடுபட்ட ஒருத்திக்காக இங்கே பியூசிக் ஒரு முழுக்கதை எழுதியிருக்கிறார். அவளை மறக்கச் செய்யட்டுமா என்று கேட்கப்படும்போது மைக்கேல் மறுக்கிறான். இந்த நிலைக்கு வந்த மற்றவர்களும் மறதியைக் கேட்டதில்லை என்று அவனுக்குத் தெரியவருகிறது.

● 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு வந்த ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ இதழின் அட்டை முழுக் கறுப்பு. உள்ளே மைய இடம் தீயணைப்பு வீரர்களுக்கும் மீட்புப் பணியாளர்களுக்கும்.

● மார்வெலின் ‘சிவில் வார்’ (2006–07) தொடங்குவது ஸ்டாம்ஃபோர்ட் நகரில். டிவி நிகழ்ச்சிக்காக வில்லன்களைப் பிடிக்கப் போகிறார்கள் இளம் ஹீரோக்கள். அந்த வில்லன்களில் ஒருவனான நைட்ரோ பள்ளிக்கூடத்துக்கு அருகில் வெடிக்கிறான். குழந்தைகள் உட்பட 600-க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். மகனைப் பறிகொடுத்த மிரியம் ஷார்ப், ஹீரோக்களில் ஒருவரான டோனி ஸ்டார்க்கை நேருக்கு நேர் நின்று சாடுகிறாள். ஹீரோக்களைப் பதிவு செய்யும் சட்டத்துக்கான போராட்டத்துக்கு அவளே முகமாகிறாள். கடைசி இதழில் வெற்றி, அந்தச் சட்டத்தை எதிர்த்து நிற்கும் கேப்டன் அமெரிக்காவின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அப்போது அவரைப் பாய்ந்து பிடித்து அமுக்குகிறார்கள் சிலர். தீயணைப்பு வீரர், மருத்துவ உதவியாளர், போலீஸ்காரர் என்று எல்லாம் சாதாரண ஆட்கள். சுற்றிலும் நொறுங்கிக் கிடக்கும் நியூயார்க்கை அவர் பார்க்கிறார். முகமூடியைக் கழற்றிவிட்டு, கைவிலங்குக்குக் கையை நீட்டுகிறார்.